கதவின் உள்பக்கம்

பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் ஒரே நிறத்தில் கிடந்தன. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கியதை அல்போன்சம்மாள் சன்னலோர வெயிலில் கொட்டிப் பார்த்தாள். எல்லாமே வெந்த கீரை நிறம்.

“மாத்திரை அப்படித்தான் செய்யும் லா. நீ அமைதியா இரு,” என்றான் புருஷன் அற்புதராஜ். கிளினிக்கில் மருந்து கலக்குகிறவன், அவனுக்குத் தெரியாததா?

அமைதியாம், அமைதி! கூடவே இருந்த தங்கை பிரிஜட், சுண்டுவிரலில் பாதியைச் சின்ன வயதிலேயே அரிவாள்மனைக்குக் கொடுத்தவள், மூன்று மாதத்துக்கு முன் அக்காள் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டாளாம். பெட்டியைக்கூட எடுக்காமல்! “என் தங்கச்சி எங்கே?” என்று அவள் போட்ட கூச்சலில் பஃபலோ ரோடே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு ஆரம்பித்தவைதான் இந்தத் தூக்க மாத்திரைகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றை அவளுக்கே ஊட்டினான்.

தினமும் மதியம் இலை முன்னால் உட்கார்ந்ததும், இருதய ஆண்டவர் படத்தடியில் எரியும் சிவப்புக் கண்ணாடி விளக்கைக் காட்டுவான். “அது என்ன நிறம்?”

“பச்சை மாதிரி இருக்குங்க.”

அதற்கப்புறம்தான் சோற்றில் கை வைப்பான். பெண்டாட்டி கண் கெட்டதில் ஒருவனுக்கு இவ்வளவு நிம்மதியா? அன்றிலிருந்து அவள் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிச் சாக்கடையில் துப்பத் தொடங்கினாள்.

ஒன்பதாம் நாள் உச்சிவெயில். கீழே மாவு மில் இரைய, அடுப்பில் மீன்குழம்பு கொதிக்க, அவன் ஏறிவரும் மரப்படிகள் ஒவ்வொன்றாய் முனகியபோது, விளக்கு அவள் கண்ணெதிரே சிவந்தது.

அவன் உட்கார்ந்தான். “அது என்ன நிறம்?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆத்திரம் விடவில்லை. “சிவப்பு. நல்லாத் தெரியுது. இப்பச் சொல்லுங்க, பிரிஜட் எங்கே?”

மில் நின்றது.

அவன் எழுந்தான். பகலெல்லாம் சுவரோடு ஒட்டிக்கிடக்கும், ராத்திரி விளக்கணைத்த பிறகே அவன் சாத்தும் பச்சை வாசற்கதவை இழுத்தான். சாத்தினான். தாழ் போட்டான்.

கதவின் உள்பக்கம்.

பச்சைப் பெயிண்ட். அதன்மேல் சிவப்பு. தாழ்ப்பாளிலிருந்து தரைவரை இழுத்த விரல் தடங்கள். துடைக்கக்கூட இல்லை. இவளுக்குத் தெரியாதென்று துடைக்கக்கூட இல்லை, பாவி!

தாழ்ப்பாளுக்கு அருகே ஒரு முழுக் கை. சுண்டுவிரல் மட்டும் பாதி.

மூன்று மாதம் ஆகியும் அது காயவில்லை. பாதி விரலின் நுனியில் ஒரு துளி திரண்டு, மெல்லக் கீழே இறங்கியது.