நாலாம் நம்பர் பதில்

அழைப்பு மணியை அவள் ஒன்பதாவது தடவையாக அழுத்தினாள். கதவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கணவன் தெரிந்தான். தையல் மிஷின் முன்னால் குனிந்து, பள்ளிச் சீருடை ஒன்றின் காலரை மடித்துக்கொண்டிருந்தான். மணிப்பெட்டி அவன் தலைக்கு நேர் மேலேதான் சுவரில் இருந்தது. ஹெட்போன்கூடக் காதில் இல்லை, கழுத்தில் தொங்கியது. அப்படியும் மனுஷன் அசையவில்லை. அலுவலக அட்டையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கைப்பையைக் குடைந்து சாவியைத் தேடி எடுத்து, தானே திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"காதுல என்ன பஞ்சா அடைச்சிருக்கு? ஒன்பது தடவை அடிச்சேன் மாஸ்டர்!"

தோளைத் தொட்ட பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினான். தையல்காரன் என்பதால் தெருவே அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கல்யாணமான புதிதில் கேலிக்குச் சொல்ல ஆரம்பித்து, அவளுக்கும் அதுவே பழகிப்போய்விட்டது.

"அடிச்சியா? கேக்கவே இல்லையே."

"நல்லா கதை விடுறீங்க."

"ஞாயித்துக்கிழமையே சொன்னேன்ல? பாட்டு கேட்டு முடிச்சப்புறமும் கத்தரி சத்தம் வர்றதில்லன்னு. நீதான் ரெண்டு மணி நேரம் விடாம கேளுங்க, சரியாயிடும்னு சொன்னே. நாலு நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. மேஜை மேலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. பேசும்போது அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுடைய வேலை, பாட்டு கேட்கும் செயலி ஒன்றின் குறைகேட்புப் பிரிவில். மூன்று வாரத்துக்கு முன் அதன் பெரிய புதுப்பதிப்பு வந்திருந்தது. அதில் 'அமைதி' என்று ஒரு வசதி. பாட்டு ஓடும்போது மின்விசிறி இரைச்சல், வண்டிச் சத்தம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். வெளியிடுவதற்கு முன் ஒவ்வோர் ஊழியரும் சொந்தக்காரர்கள் பத்துப் பேருடைய போனில் அதைப் போட்டாக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அவள் முதலில் போட்டது மாஸ்டரின் போனில். நடுநடுவே பாட்டுப் போட்டுக்கொண்டு தைக்கிற மனுஷன், சந்தோஷப்படட்டும் என்றுதான் போட்டாள்.

புகார்களுக்குப் பதில்கள் தயாராக இருக்கும், பன்னிரண்டு, நம்பர் போட்டு. புகாரைப் படிப்பது, நம்பரைத் தட்டுவது, அடுத்ததுக்குப் போவது. நாலாம் நம்பர் அவள் எழுதியது. 'புதிய வசதி உங்கள் காதுக்குப் பழக இரண்டு மணி நேரம் ஆகும். இடைவிடாமல் கேளுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்ப இயலாது.' அந்த இரண்டு மணி நேரத்தை எந்த இன்ஜினியரும் அவளுக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்ட ஒரு மத்தியானத்தில், எதையாவது சொல்லி வாயை அடைத்தால் போதும் என்று அவளாகப் போட்ட கணக்கு அது. அதையேதான் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் சொல்லியிருந்தாள்.

அன்று காலை திரையைத் திறந்ததும், பழகிய பெயர் ஒன்று மேலே வந்து நின்றது. ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர். மூன்று நாளாக ஒற்றை நட்சத்திரம் போட்டு அவளைப் பிடுங்கி எடுத்தவர். இன்றைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். 'நன்றாக இருக்கிறது' என்று இரண்டே சொல்.

அப்பாடா என்று இருந்தது. தொலைந்தார் என்று நினைத்துக்கொண்டே, எதற்கோ அவருடைய பழைய புகார்களை மேலேயிருந்து படித்தாள். இதுவரை எதையும் முதல் வரிக்கு மேல் அவள் படித்ததில்லை.

திங்கள்: பாட்டு நின்ற பிறகும் மின்விசிறிச் சத்தம் திரும்பி வரவில்லை.

செவ்வாய்: நீங்கள் சொன்னபடி இரண்டு மணி நேரம் கேட்டேன். இப்போது என் மனைவி பேசுவது கேட்கவில்லை, வாய் மட்டும் அசைகிறது. ஆனால் ஒரு சத்தம் கேட்கிறது. யாரோ மூச்சு விடுகிறார்கள். என்னுடையது என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். என்னுடையது இல்லை.

புதன்: அது புதிதாக வந்தது இல்லை ஐயா. எப்போதும் இருந்திருக்கிறது. மற்ற சத்தமெல்லாம் சேர்ந்து அதை மூடி வைத்திருந்தது. தயவுசெய்து அந்தச் சத்தங்களைத் திருப்பிக் கொடுங்கள்.

மூன்றுக்கும் கீழே நாலாம் நம்பர் போயிருந்தது. அனுப்பியவர் இடத்தில் அவளுடைய ஊழியர் எண்.

'நன்றாக இருக்கிறது' என்ற இரண்டு சொல்லைத் தேடும் கட்டத்தில் போட்டாள். முன்னூற்றுப் பன்னிரண்டு வந்தன. ஒரு நர்ஸ், ஒரு கல்லூரி மாணவன், கைக்குழந்தையோடு ஒரு தாய். எல்லோரும் முதலில் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள், எல்லோருக்கும் நாலாம் நம்பர். குழந்தைக்காரி கடைசியாக எழுதியிருந்த புகாரை அவள் பாதிக்கு மேல் படிக்கவில்லை. 'பிள்ளை அழுவது எனக்கு' என்று ஆரம்பித்திருந்தது.

டிரைவரின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். எடுத்தது அவர் மனைவி.

"அவரு பேசறதில்லம்மா. முந்தாநாள்லேருந்து சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. சுவத்தைப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. டாக்டர் வந்து, காது சுத்தமா இருக்கு, ஒரு கோளாறும் இல்லன்னுட்டாரு." அந்தம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க என்ன சொன்னீங்களோ அதைத்தானே செஞ்சாரு? வேற எதுவும் செய்யலையே?"

போனை வைத்துவிட்டு டீம் லீடரிடம் ஓடினாள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை நட்சத்திரம் என்றுதான் சொல்வார்கள். அவர் சம்பளம், தூக்கம், சிரிப்பு எல்லாம் செயலிக்கு விழும் நட்சத்திரங்களைப் பொறுத்தே ஏறி இறங்கும்.

"சார், இதை உடனே நிறுத்தணும். ஜனங்களுக்கு என்னமோ ஆகுது."

"என்ன ஆகுது? ஒண்ணு போட்டவன் அஞ்சு போடறான். உனக்கு ஏம்மா வயித்தெரிச்சல்?"

"என் வீட்டுக்காரருக்கும் காது கேக்கல சார்."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்று கேட்டு அவரே சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்து, சிரிப்பைச் சுருட்டிக்கொண்டார். "பழைய பதிப்பு சர்வர்லயே இல்ல. அழிச்சாச்சு. நிறுத்தணும்னாலும் எதைக்கொண்டு நிறுத்தறது? நாலாம் நம்பர் நீ எழுதினதுதானே? பிரமாதமா வேலை செய்யுது. போய் உக்காரு."

தன் இடத்துக்குத் திரும்பினாள். பக்கத்து இருக்கைக்காரன் திரும்பிப் பார்த்தான். மூக்கு என்று அவனுக்குப் பெயர். வருஷம் பூராவும் ஜலதோஷம். நிமிஷத்துக்கு நாலு தடவை உறிஞ்சி உறிஞ்சி அவள் உயிரை எடுப்பான். அவன் இப்போதும் உறிஞ்சினான். மூக்கின் நுனி ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள், அவ்வளவுதான், சத்தம் வரவில்லை. அவன் மறுபடியும் உறிஞ்சினான், கைக்குட்டையை எடுத்து முகம் சிவக்கச் சிந்தினான்.

ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் பேருந்தில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். மூன்று வாரமாக அவளும் அதில்தான் பாட்டுக் கேட்டு வந்தாள். இடைவிட்டுக் கேட்டதால் மெதுவாக வந்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை. அறையில் நாற்பது பேர் இருந்தார்கள், நாற்பது விசைப்பலகைகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ டம்ளரைக் கீழே போட, அது உருண்டு வந்து அவள் காலில் முட்டியது. மூக்கு ஏதோ கேட்டான். அவன் குரல் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல மெலிந்து வந்தது.

மாஸ்டருக்குக் கூப்பிட்டாள். காதோடு அழுத்தியதில் வலித்தது. நெடுநேரம் கழித்து எடுத்தான்.

"என்னங்க, போனை அணைச்சுத் தூரப் போடுங்க. ஹெட்போனைக் கழட்டுங்க. மிஷினை விட்டு எழுந்திருங்க. வெளியில போய் நில்லுங்க, நாலு பேர் இருக்கற இடமா. கேக்குதா? நான் வந்துடறேன்."

"சன்னமாத்தான் கேக்குது." அவன் குரல் சாந்தமாக இருந்தது. "ஹெட்போனைக் காலையிலேயே கழட்டிட்டேன். இனிமே அது தேவைப்படல."

"அப்போ வெளியில வாங்க. உங்க கால்ல விழறேன்."

"எதுக்கு அழறே?" என்றான். "உன் குரலை விட அது தெளிவாக் கேக்குது. யாரு அது, உன் பக்கத்துல? இவ்வளவு கிட்ட நின்னு மூச்சு வாங்கறது?"

அவள் திரும்பினாள். நாற்காலிக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு முழம் இடம்.

பையைக்கூட எடுக்கவில்லை. நான்கு மாடியும் இறங்கி ஓடினாள், படியில் செருப்புச் சத்தம் இல்லை. வெளியே நல்ல வெயில். சாலை நிறைய வண்டிகள் போயின, வாயைத் திறந்து யாரோ சண்டை போட்டார்கள், ஒரு லாரி அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்க, டிரைவர் கையை ஆட்டி ஆட்டித் திட்டினான். சூடான டயர் வாசனை மட்டும் வந்தது. ஆட்டோவில் ஏறி விலாசம் சொன்னாள். தான் சொன்னது தனக்கே கேட்காததால் மறுபடி சொன்னாள், மறுபடி கத்தினாள், ஆட்டோக்காரன் காதைப் பொத்திக்கொண்டு சரி சரி என்று தலையாட்டினான். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள். ஏதாவது ஒரு சத்தம் மிச்சமிருந்தால் போதும் என்று தொடையில் தட்டினாள், விரலைச் சொடுக்கினாள், கடைசியில் தன் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினாள். துடிப்பு கையில் தெரிந்தது. காதில் இல்லை.

வேறொன்று இருந்தது.

மெல்ல உள்ளே இழுத்து, மெல்ல வெளியே விடும் சத்தம். நிதானமாக, அவசரமே இல்லாமல். அவள் மூச்சைப் பிடித்தாள். அது நிற்கவில்லை.

வீடு. கதவு மூடியிருந்தது. தெருவில் அவன் இல்லை. சாவி பையோடு அலுவலகத்தில். ஜன்னல் கண்ணாடியை முழங்கையால் அடித்தாள், சில்லு சில்லாக விழுந்தது, பஞ்சு விழுந்த மாதிரி. கையை விட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்தாள். முழங்கை கிழிந்தது. உள்ளே போனாள்.

மிஷின் எண்ணெய் வாசனை. சூடேறிய மோட்டார். அதற்கடியில் வேறொரு வாசனை, ஈரமாக, இரும்பு கலந்து.

மாஸ்டர் மிஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். சக்கரம் சுற்றியது. ஊசி ஏறி இறங்கியது. சத்தமில்லை. வெள்ளைக் காலர் பாதி சிவப்பாக இருந்தது. ஊசி துணியில் மட்டும் இறங்கவில்லை. அவனுடைய ஆள்காட்டி விரல் நகத்தின் நடுவில் இறங்கி, ஏறி, அடுத்த கணுவில் இறங்கியது. ஒரே அளவுத் தையல். நல்ல கைவேலைக்காரன்.

அவன் விரலைப் பார்க்கவில்லை.

கத்தினாள். தொண்டை கிழிந்ததில்தான் கத்தினோம் என்று தெரிந்தது. பாய்ந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னங்க. என்னங்க. என்னைப் பாருங்க."

அவன் நிமிர்ந்தான். பார்த்தது அவளை இல்லை. அவள் தோளுக்கு மேலே, கொஞ்சம் உயரத்தில். பெரியவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் பார்ப்பானே, அந்த மரியாதையோடு.

பெடலிலிருந்து காலை எடுத்தான். சக்கரம் நின்றது. கையைத் தூக்கினான். காலரும் கூடவே வந்தது. விரலோடு சேர்த்துத் தைத்திருந்தது.

அவள் கழுத்தின் பின்னால் ஈரச் சூடு பட்டது. உள்ளே இழுத்தது. வெளியே விட்டது.

மாஸ்டர் அந்த விரலை மெதுவாக உதட்டுக்குக் கொண்டுபோனான். குழந்தையை அடக்குவதுபோல், பேசாதே என்று காட்டினான். சின்ன வெள்ளைக் காலர் விரலிலிருந்து தொங்கி, அவன் மோவாயில் சொட்டிக்கொண்டிருந்தது.