கெல்வினின் இடுப்பளவு

புலாவ் செபாங் ஊரைத் தாண்டி, செம்பனைகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் மண் ரோட்டில் உள்ளே போனால் அந்தப் பழைய துரை பங்களா வரும். காலை ஒன்பது மணிக்கு அம்புரோஸின் லாரி அதன் வாசலில் நின்றபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய் வருகிற நேரம் இல்லைதான். ஆனால் மரத்தடியில் மட்டும் இருட்டாக இருந்தது. நூறு வயதான தூங்குமூஞ்சி மரம். ஈரமண்ணும் அழுகிய காய்களும் கலந்து ஒரு தித்திப்பு வாடை வந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த மரத்திலிருந்துதான் கெல்வின் விழுந்து செத்தான். அவன் விழுந்த இடத்தில் பங்களாவின் சொந்தக்காரி விஜயராணி ஒரு மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளைக்குள் ஏற்றி வைத்திருந்தாள். மழைக்காலம் நெருங்குகிறது, கூரைக்கு மேல் தொங்கும் பெரிய கிளையை எடுத்தே ஆகவேண்டும் என்று அவள்தான் மறுபடி கூப்பிட்டிருந்தாள். அந்தக் கிளையில் கெல்வின் போட்ட பாதி வெட்டு அப்படியே இருந்தது.

முதலாளி அம்புரோஸ் இடுப்பில் கைவைத்து மேலே பார்த்தார். மரம் வெட்டுகிறவர் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொறுக்காது. மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்று சொல்ல வேண்டும்.

"கெல்வின் இருந்திருந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிருப்பான்லா," என்றார்.

இன்றைக்கு மரம் ஏற வந்த சுகுமாரன் லாரிக் கதவை ஓங்கிச் சாத்தினான். உயிரோடு இருக்கிறவனையாவது என்றைக்காவது மிஞ்சலாம். செத்தவனை எப்படி மிஞ்சுவது? அவன்தான் இனி ஒரு தப்பும் செய்யப்போவதில்லையே.

பன்னிரண்டு வருடமாக அம்புரோஸிடம் மரம் ஏறுகிறவன் சுகுமாரன். தஞ்சோங் கிளிங்கிலிருந்து வந்த கெல்வினுக்கு முதல் முடிச்சு போடக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். ஒரே வருடத்தில் கெல்வின் அவனைவிட உயரம் போனான். அதைக்கூடப் பொறுத்திருப்பான். ஆனால் ஏறுவதற்கு ஒரு நல்ல பெல்ட் வேண்டும், பழையது இடுப்பை அறுக்கிறது என்று ஐந்து வருடமாக சுகுமாரன் கேட்டுக்கொண்டிருந்தான். வெளிநாட்டிலிருந்து அந்த பெல்ட் வந்தது. வந்த அன்றே அதை அம்புரோஸ் கெல்வின் இடுப்பில் மாட்டிவிட்டார். "சின்ன இடுப்பு, கச்சிதமா இருக்கு," என்று சிரிப்பு வேறு.

இப்போது அந்த பெல்ட் சுகுமாரனிடம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் தன் தொப்பைக்குத் தகுந்த அளவில் விட்டுத்தான் பையில் வைப்பான். அடுத்த நாள் எடுத்தால் வார் கெல்வினின் இடுப்பளவுக்கு இழுபட்டிருக்கும். முதலில், தரையில் நின்று கூட வேலை செய்யும் பரமேஸ்வரனின் விளையாட்டு என்று நினைத்தான். பையைப் பூட்டி வைத்தான். பூட்டைத் திறந்தாலும் அதே கதைதான்.

இன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. வாரைத் தளர்த்தி மாட்டிக்கொண்டான்.

"கயித்த குடு சுகு, பாத்துடறேன்," என்று கீழ்வேலை பார்க்கும் பரமேஸ்வரன் கையை நீட்டினார்.

"வேணாம்ணே. நானே பாத்துட்டேன்."

"தன் கயித்த தானே பாக்கக் கூடாதுடா. நம்ம வழக்கம் அப்படியா?"

வழக்கம் அப்படி இல்லைதான். ஏறுகிறவனுடைய கயிற்றை வேறொருவன் முழம் முழமாக உருவிப் பார்த்து, "சுத்தம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மேலே தொங்குவது. கெல்வின் பார்க்கும் விதமே தனி. கண்ணை மூடி, கயிற்றைக் கன்னத்தில் இழைத்துப் பார்ப்பான். "கை ஏமாத்தும்ணே, கன்னம் ஏமாத்தாது," என்பான். கொசுவுக்காக அவன் கோடாலித் தைலம் பூசியிருப்பான். அவன் பார்த்த கயிற்றில் அந்த வாசம் இருக்கும்.

கெல்வின் விழுந்த அன்றைக்கு அவன் கயிற்றைப் பார்த்தது சுகுமாரன். முக்கால்வாசி தூரத்தில் செயின்சா உரசிய வெட்டு ஒன்று விரலில் தட்டியது. நின்றான். கெல்வின் இடுப்பிலிருந்த புது பெல்ட்டைத் தட்டிப் பார்த்து அம்புரோஸ் சிரித்துக்கொண்டிருந்தார். மிச்சக் கயிற்றையும் உருவிவிட்டு, "சுத்தம்," என்றான்.

ஒரு சொல்தான். கயிறு அந்த வெட்டில்தான் அறுந்தது. விசாரிக்க வந்தவர்கள், விழுந்தவனின் செயின்சாவே கயிற்றை வெட்டியிருக்கும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு சுகுமாரன் தன் கயிற்றை யாரையும் தொட விடவில்லை. அவன் சொன்ன பொய்யை வேறு எவனும் சொல்ல முடியும் அல்லவா?

கயிற்றை உச்சிக் கிளை ஒன்றின் மேலே போட்டு ஏற ஆரம்பித்தான். இருபது அடி. நாற்பது. கீழே பேச்சுச் சத்தம் தேய்ந்தது. அறுபதடியில் காற்று நின்றுவிட்டது. பகல் பதினொரு மணிக்கு இலைகள் மாலையில் மூடுவதுபோல ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

கெல்வின் போட்ட வெட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எட்டு மாதத்து வெட்டு கறுத்துப்போயிருக்க வேண்டும். இது வெளுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. மரத்தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

பெல்ட்டின் பக்கவாரால் கிளையோடு தன்னைக் கட்டிக்கொண்டு செயின்சாவை எடுத்தான்.

கயிறு அசைந்தது.

அவன் அசையவில்லை. கயிறுதான் அசைந்தது. தலைக்கு மேலே, இலைகளுக்குள் மறைந்திருந்த பகுதியில் ஒரு நடுக்கம். ஒரு முழம் போயிற்று. நின்றது. இன்னொரு முழம். நின்றது.

யாரோ கயிற்றை உருவிப் பார்க்கிறார்கள்.

கோடாலித் தைலம் மணத்தது.

"பரமேஸண்ணே," என்று அடிக்குரலில் கூப்பிட்டான். கீழே பரமேஸ்வரன் கைகட்டி நின்றிருந்தார்.

இன்னொரு முழம். கன்னத்தில் கயிறு இழைகிற மெல்லிய சரசரப்பு. இடுப்பில் பெல்ட் ஒரு விரற்கடை இறுகியது.

பிறகு காதோரம், மூச்சுக்காற்று படுகிற நெருக்கத்தில், பிரியமான ஒரு குரல் கேட்டது.

"சுத்தம்ணே."

சுகுமாரன் கையிலிருந்து செயின்சா நழுவிக் கீழே போய் விழுந்தது. இரண்டு கையாலும் கிளையைக் கட்டிக்கொண்டான்.

"என்னடா ஆச்சு?" அம்புரோஸ் கத்தினார். "எறங்குடா, மெதுவா, பெலான் பெலான் எறங்கு!"

"மாட்டேன் பாஸ்! கயிறு அறுந்துடும்!"

"நீதானே பாத்தே? சுத்தம்தானே?"

"சுத்தம்னுதான் சொல்றான் பாஸ்! இங்கேர்ந்து சொல்றான்!"

"யார்றா?"

"நானும் அவன்கிட்ட அப்படித்தானே சொன்னேன்! கயித்துல வெட்டு இருந்ததப் பாத்துட்டும் சுத்தம்னுதானே சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கீழே விஜயராணி வாயைப் பொத்திக்கொண்டாள். பரமேஸ்வரன் மட்டும் மெல்லத் திரும்பி முதலாளியைப் பார்த்தார்.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஏணி லாரி வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை சுகுமாரன் கிளையைவிட்டுக் கையை எடுக்கவில்லை. லாரியின் கூண்டில் ஏற்றி இறக்கியதும் மண்ணில் உட்கார்ந்தான். அம்புரோஸ் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கயிற்றை இழுத்துக் கீழே போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உருவிப் பார்த்தார். கையால் பார்த்தார். பிறகு, கெல்வின் செய்வதுபோலக் கண்ணை மூடிக் கன்னத்தில் இழைத்தும் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டார். கயிற்றை முகர்ந்தார்.

"சுத்தம்," என்றார். "எங்கயும் ஒரு கீறல் இல்ல. புள்ள உண்மையத்தான் சொல்லியிருக்கான்."

அப்போதும் சுகுமாரனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பழிவாங்கியிருக்கலாம் கெல்வின். ஒரு பொய் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சமம். செத்தும் அவனே நல்லவனாக நின்றுவிட்டான்.

"பெல்ட்டக் கழட்டு," என்றார் அம்புரோஸ்.

கழலவில்லை. வார் கெல்வினின் இடுப்பளவுக்கு இறுகி, சதைக்குள் புதைந்திருந்தது. பரமேஸ்வரன் கத்தியால் அறுத்து எடுத்து, இரண்டு துண்டையும் லாரியின் பின்னால் எறிந்தார். பிறகு மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

சுகுமாரன் எல்லாவற்றையும் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த சார்ஜன்ட் நடுவில் நிமிர்ந்து, "ஏன் மூச்சு வாங்குது? உட்காந்துதானே இருக்கே?" என்று மலாயில் கேட்டார். தைலம் பூசியிருக்கிறாயா என்றும் கேட்டார்.

சுகுமாரன் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். இடுப்பில் ஒன்றுமில்லை. வெறும் தோலில் வார் அகலத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் விழுந்திருந்தது.

அவன் பார்க்கப் பார்க்க அது இன்னும் ஒரு விரற்கடை இறுகியது.