நாற்பதாவது நாற்காலி

பிணத்தின் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை இருந்தது.

முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. கணுக்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு. குதிகால்கள் மெத்தையில் படவில்லை.

இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் செல்போன்.

கெய்லின் ராட்லிஃப். வயது பத்தொன்பது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, ஒழுகும் குழாயைப் பார்க்க வந்த வீட்டுக்காரம்மா போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

"கொலையா இது? தாலாட்டிப் படுக்க வச்ச மாதிரியில்ல இருக்கு!"

சொன்னவர் ஓடெல். மாவட்டத்தின் மரண விசாரணை அதிகாரி. மற்ற நேரங்களில் சவப்பெட்டிக் கடை முதலாளி.

"எதுல போயிருக்கா?" என்றாள் துப்பறியும் அதிகாரி ஆர்லீனா டாக்கெட்.

"தூக்க மருந்து. ஐஸ் டீல கலந்திருக்கு. குப்பைத் தொட்டியில பாட்டில் கிடக்கு, பாரு. முதியோர் இல்லத்து முத்திரை. அஞ்சு மில்லி காணோம். அரை மில்லி போதும் ஒரு ஆளைத் தூங்க வைக்க!"

ஆர்லீனா குனிந்து தலையணையைப் பார்த்தாள்.

இரண்டாக மடிக்கப்பட்டிருந்தது. உறையின் வாய் உள்பக்கமாகச் செருகப்பட்டிருந்தது.

குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா... பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"எங்கம்மாவ அந்த இல்லத்துல தினம் சாயங்காலம் இப்படித்தான் படுக்க வைக்கறாங்க, ஓடெல்."

"யாரு?"

ஆர்லீனா திரும்பினாள். சுவரைப் பார்த்தாள். ஆணியில் புத்தம்புது நர்சிங் யூனிஃபார்ம் தொங்கியது. கெய்லின் அதை ஒருமுறைகூடப் போட்டிருக்கவில்லை.

*

சமுதாயக் கல்லூரி. நர்சிங் பிரிவு. சாத்திய கதவு.

வெளியே பெஞ்சில் ஒரு பெண் யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தாள். காலரில் விலைச்சீட்டு ஆடியது.

"கிளாஸுக்குப் போகலியா?"

"எனக்கு சீட் இல்ல, மேடம். காத்திருப்புப் பட்டியல்ல ரெண்டாம் நம்பர். மொத நாள் நாங்களும் யூனிஃபார்மோட வந்து உக்காரணும். எட்டு மணிக்கு யாராவது வரலேன்னா கூப்பிடுவாங்க."

"விலைச்சீட்டு?"

"கூப்பிடலேன்னா கடையில திருப்பிக் குடுக்கணுமே!"

"மொத நம்பர் யாரு?"

"ட்விலா மெஸ்ஸர். கூப்ட்டுட்டாங்க! குடுத்து வச்சவ..."

ஆர்லீனா ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தாள்.

கதவைத் தட்டினாள். துறைத் தலைவி கியர்ஹார்ட் எட்டிப் பார்த்தார். சிரித்துப் பழகாத முகம்.

"ட்விலாவா? பத்து மணிக்குப் பரீட்சை. மருந்தளவுக் கணக்கு. பத்துக்குப் பத்து எடுக்கணும். ஒண்ணு தப்பினாலும் சீட் போச்சு. வராட்டியும் போச்சு."

"கொஞ்ச நேரந்தான், மேடம்."

*

பயிற்சி அறை. கட்டிலில் பிளாஸ்டிக் நோயாளி வாயைப் பிளந்து கிடந்தது.

ட்விலா மெஸ்ஸர் உள்ளே வந்தாள். வயது நாற்பத்தொன்று. முதியோர் இல்லத்தில் பதினாலு வருடமாக உடம்பு துடைத்துப் புரட்டிப் போடுகிற வேலை. முகம் மட்டும் இன்று கல்யாணப் பெண்ணுக்கு உரியது.

"ஆர்லீனா! அம்மாவுக்கு ஏதாவது...?"

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க. சீட் கிடைச்சுருச்சாமே?"

"கிடைச்சுருச்சு கண்ணு! நாப்பதாவது பேரா கூப்ட்டாங்க. காலே தரையில நிக்கல எனக்கு!"

பேசிக்கொண்டே கட்டிலைச் சுற்றி வந்தாள். தடுப்புக் கம்பியை உயர்த்தினாள். தரையில் கிடந்த அழைப்பு மணியை எடுத்து பிளாஸ்டிக் விரல்களுக்கு அருகில் வைத்தாள்.

தான் செய்ததை அவளே கவனிக்கவில்லை.

ஆர்லீனா கவனித்தாள்.

"அது பொம்மை, ட்விலா."

"ஐயோ... பழக்கம்! மணிய கைக்கெட்டற மாதிரி வைக்காம அறைய விட்டு வரமாட்டேன்."

"நேத்து சாயங்காலம் கெய்லின் வீட்டுல மணி இல்ல. அதனால செல்போன வச்சே. இல்லியா?"

ட்விலாவின் கை தடுப்புக் கம்பியில் நின்றது.

"அவளுக்கு இடது கைப் பழக்கம்..." என்றாள் ட்விலா மெல்ல.

பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"திருட்டுத்தனந்தான். ஒத்துக்கறேன். கோடை லீவுல எங்க இல்லத்துலதான் வேலை பாத்தா. தலையணை மடிக்க நான்தான் கத்துக்குடுத்தேன். கடைசி சீட் தனக்குன்னு அப்பவே சொன்னா. எட்டு மணிக்கு வரலேன்னா சீட் போயிடும். அவ்வளவுதான் நெனச்சேன். பத்தொம்போது வயசு அவளுக்கு. அடுத்த வருஷம் வரலாம்..."

"உன்னால வர முடியாதா?"

"மூணு வருஷமா அப்ளை பண்றேன், ஆர்லீனா! சேர்றதுக்கு முன்னாடி படிச்சு வாங்கின அனாட்டமி மார்க்குக்கு அஞ்சு வருஷந்தான் ஆயுசு. டிசம்பரோட செல்லாது. எல்லாத்தையும் மறுபடி படிக்கணும். முதுகு வேற போயிடுச்சு. எத்தனை நாளைக்கு மத்தவங்களத் தூக்க முடியும்?"

"மருந்து?"

"எங்க இல்லத்துதுதான். வாந்தி வந்தா மூச்சடைக்குமேன்னு ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். சாயங்காலம் நானே போயி மன்னிப்புக் கேக்கறேன். எழுந்துட்டாளா?"

"அவ எழுந்திரிக்கல."

"மத்தியானத்துக்குள்ள எழுந்துடுவா."

"எழுந்திரிக்க மாட்டா, ட்விலா."

ட்விலாவின் வாய் திறந்தது. பொம்மையின் வாயைப் போலவே.

"இல்ல... இல்ல! கணக்குப் போட்டுத்தான் ஊத்துனேன்! அவ எடை, மருந்தோட வீரியம்... அஞ்சு மில்லின்னு வந்துச்சு!"

"அரை மில்லி."

ட்விலா படுக்கை விரிப்பில் விரலால் எழுதினாள். பெருக்கினாள். வகுத்தாள். மறுபடியும் வகுத்தாள்...

விரல் நின்றது.

"புள்ளி..." என்றாள். "புள்ளிய ஒரு எடம் தள்ளி வச்சுட்டேன்."

சுவர்க் கடிகாரம் பத்தைக் காட்டியது. அடுத்த அறையில் வினாத்தாள்கள் சரசரத்தன.

"பரீட்சை ஆரம்பிச்சுட்டாங்க..." என்றாள் ட்விலா.

"நீ நேத்தே எழுதிட்டே."

*

வராந்தாவில் கியர்ஹார்ட் வழிமறித்தார்.

"மெஸ்ஸர்! மொத நாளே வெளிய போனா சீட் ரத்து!"

"ரத்துதான், மேடம்," என்றாள் ஆர்லீனா. "கெய்லின் ராட்லிஃப் செத்துப் போயிட்டா."

கியர்ஹார்ட்டின் கை கழுத்துக்குப் போனது.

"கெய்லினா? ஐயோ... அதுக்கும் மெஸ்ஸருக்கும் என்ன? அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமையே விலகிட்டாளே! ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வருது, அழகுக்கலை படிக்கப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டா."

ஆர்லீனா திரும்பி ட்விலாவைப் பார்த்தாள்.

"அப்போ அந்த சீட்..."

"மெஸ்ஸருக்கு! அன்னிக்கே நாலு மணிக்கு காலேஜ் மெயில்ல அனுப்பிட்டேன். தினம் மெயில் பாக்கணும்னு விதியிலயே இருக்கு!"

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு..." ட்விலாவின் குரல் எங்கிருந்தோ வந்தது. "இன்னிக்குக் கேக்கலாம்னு இருந்தேன்."

ட்விலா சுவரில் சாய்ந்தாள்.

"நேத்து... 'டீயக் குடிச்சுட்டு உனக்கு ஒரு நல்ல சேதி சொல்றேன்'னா, ஆர்லீனா. குடிச்சா. சொல்றதுக்குள்ள..."

முடிக்கவில்லை. கைகளை நீட்டினாள். ஆர்லீனா விலங்கைப் பூட்டினாள்.

"உங்கம்மாவ ஆறு மணிக்குப் புரட்டிப் போடணும். வலது பக்கம் வேணாம், புண்ணு இருக்கு. புதுசா வர்றவகிட்ட மறக்காமச் சொல்லிடு."

ஆர்லீனா தலையசைத்தாள்.

பெஞ்சில் இருந்த பெண் எழுந்தாள். காலரில் விலைச்சீட்டு ஆடியது.

"மேடம்... கேக்கக் கூடாதுதான். அந்த சீட் இப்ப காலியா?"

"காலிதான் கண்ணு," என்றாள் ஆர்லீனா. "ஆனா எந்த முடிவுக்கும் வர்றதுக்கு முன்னாடி... மெயிலப் பாத்துடு!"