பதினோராம் நம்பர் ஸ்பேனர்

மேஜை மேல் போன் அலறியது.

சக்திவேல் எடுக்கவில்லை. மறுபடியும் கைகளுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். பிரேக் ஆயில் வாடை லேசில் போகாது.

போன் விடாமல் அலறியது...

அலறட்டும். அந்தச் செய்திக்காகத்தானே காத்திருக்கிறான்! 'பாய் வேன் பிரேக் பிடிக்காம லாரிக்குள்ள பூந்துட்சு' என்று யாராவது சொல்வார்கள். இவன் 'அடப்பாவமே' என்று சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் தழுதழுக்க வேண்டும். அதையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டான்.

தாம்பரத்தில் அவனுக்கு டிராவல்ஸ். எல்லாமே புது வேன்கள். வீடு பல்லாவரத்தில், மலையடித் தெருவில்.

அதே தெருவின் மேட்டில், பள்ளிவாசலை ஒட்டி, அத்தாவுல்லாவின் ஒற்றை வேன் நிற்கும்.

வேனா அது? நடமாடும் நோயாளி! செல்ஃப் மோட்டார் செத்துப் பல மாதம் ஆகிறது. அதனால்தான் எப்போதும் சரிவில் நிறுத்துவார். உருளவிட்டு, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் ஒரு இருமல் இருமிவிட்டுக் கிளம்பும். தினமும் ஏதாவது ஒரு ஆயில் ஒழுகும். எது ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்ள, நிறுத்தியதும் அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவிட்டுத்தான் போவார்.

போன வாரம் டீக்கடையில் டிரைவர்கள் நடுவே சக்திவேல் வம்புக்கு இழுத்தான்.

"இன்னா பாய், இந்த மாசம் வண்டிக்கு வைத்தியச் செலவு எவ்ளோ?"

"ரேடியேட்டர் ஓட்டைய அடைக்க அறுநூறு தம்பி. கிளட்ச் பிளேட்டு ஆயிரத்து முன்னூறு."

"செல்ஃபு?"

"ஆர்மேச்சர் மாத்த ரெண்டாயிரம் கேக்குறான். சரிவுல நிறுத்தினா அல்லாவே தள்ளி வுடறான். அவன் கூலி கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். சக்திவேலுக்கு முகம் கறுத்தது.

"மரியாதையா சிறுசேரி ரூட்ட வுட்டுட்டு, இத இரும்புக் கடையில போடு பாய். இல்லன்னா ஒருநாள் அதுவே உன்ன முழுங்கிரும்."

"எப்டி முழுங்கும்? கியர் பாக்ஸ்ல ஒரு பல்லு உருப்படியா இல்ல தம்பி."

மறுபடியும் சிரிப்பு!

சிறுசேரி கம்பெனியின் ஸ்டாஃபை ஏற்றிப் போகும் ரூட் முன்பு சக்திவேலிடம்தான் இருந்தது. கொட்டும் மழையில் அந்தக் கம்பெனிப் பெண் ஒருத்தி ஓடி வந்ததைப் பார்த்தும் அவனுடைய டிரைவர் நிற்காமல் போனான். பின்னால் வந்த அத்தாவுல்லா நின்று ஏற்றிக்கொண்டார். துடைத்துக்கொள்ளத் துண்டும் கொடுத்தார். மறுமாதமே ரூட் கை மாறிவிட்டது. ஒரு துண்டுக்கு அவ்வளவு கனம் உண்டென்று சக்திவேலுக்குக் கடைசி வரை புரியவில்லை.

அவனுக்குப் புரிந்தது வேறு.

அந்த வேன் எங்கே மோதினாலும் யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள். பழைய வண்டி, பிரேக் போயிருக்கும்... அவ்வளவுதான்! ஊரே சாட்சி சொல்லும்.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு எல்லோரும் உள்ளே. தெருவில் ஈ காக்கை இல்லை. சக்திவேல் வேனுக்கடியில் நுழைந்தான். ஆயில் கறை காட்டிக்கொடுக்கும் என்று முதலில் அட்டையை உருவிப் புதரில் எறிந்தான். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பின் நட்டைத் தளர்த்தினான். ஏழெட்டு மிதி வரை பிடிக்கும். அப்புறம் பெடல் தரையைத் தொடும்.

செருப்புச் சத்தம் கேட்டது. பைக்கில் ஏறித் தாம்பரம் ஆபீசுக்கே வந்துவிட்டான்.

போன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. துக்கத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு எடுத்தான்.

"ஹலோ..."

"இன்னாய்யா, போன எடுக்க இவ்ளோ நேரமா?"

அவன் மனைவி அஞ்சம்மாள்!

"தமிழினிக்கு வலி வந்துட்சு. பனிக்குடம் உடஞ்சிட்சு."

தமிழினி அவர்களுடைய ஒரே மகள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

"பதறாத. இதோ வண்டி அனுப்பறேன்..."

"உன் வண்டி தாம்பரத்துலேந்து எப்ப வர்றது? பாய் வேன் வாசல்ல நின்னுகினு கீது. புள்ளைய ஏத்தியாச்சு. நீ குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வந்து சேரு."

"அஞ்சம்மா... அதுல ஏறாத... அஞ்சம்மா!"

லைன் செத்திருந்தது.

திரும்ப அடித்தான். பூட்டிய வீட்டில் மணி மட்டும் அடித்தது. அத்தாவுல்லாவின் செல்லுக்கு அடித்தான். தொழுகைக்கு அணைத்தவர் இன்னும் போடவில்லை.

வாசலில் நின்றது ஒரு மிதி. தெரு முனையில் ஒன்று. பெரிய ரோட்டில் சிக்னலுக்கு ஒன்று... மீதி எத்தனை?

ஓடிப்போய்ப் பைக்கில் ஏறினான். சாவியைச் செருகும்போது பேன்ட் பாக்கெட்டில் கை பட்டது.

காலி!

ஸ்பேனர் இல்லை. வால் பக்கம் பச்சை பெயின்ட் அடித்த பதினோராம் நம்பர் ஸ்பேனர். பச்சை, அவனுடைய டிராவல்ஸ் நிறம். அவன் ஷெட்டில் எல்லா ஸ்பேனருக்கும் அந்தப் பச்சைதான்.

அதைப் பற்றிப் பயப்படக்கூட இப்போது அவனுக்கு நேரமில்லை.

சானடோரியம் தாண்டினான். எதிர்ப்பக்கம் மணல் லாரிகளுக்கு நடுவே அந்த வேன் வந்துகொண்டிருந்தது! உள்ளே ஒரு பெண்ணின் அலறல்...

பைக்கை அப்படியே போட்டுவிட்டு, நடுச்சுவரைத் தாண்டிக் குதித்தான். வேனுக்கு நேர் எதிரே இரண்டு கைகளையும் விரித்து நின்றான். பிரேக் பிடிக்காத வண்டிக்குத் தன் உடம்பையே தடையாகப் போடுவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

முருகா, என் புள்ளைய வுட்டுடு!

கண்களை மூடிக்கொண்டான்.

கிறீச்...

ஒன்றும் நடக்கவில்லை.

கண் திறந்தான். மூக்குக்கு முன்னால் ரேடியேட்டர் சூடாக மூச்சு விட்டது.

"பாய், இறங்குங்க! பிரேக் இல்ல! நான்தான் நட்ட லூஸ் பண்ணேன்..."

ஜன்னலில் தெரிந்த அஞ்சம்மாளின் முகம் கல்லானது.

அத்தாவுல்லா டாஷ்போர்டிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். பச்சை வால் ஸ்பேனர்!

"தெரியும். ஏறு தம்பி. பொண்ணு துடிக்குது."

சாயங்காலம் பிறந்தது பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம் என்று நர்ஸ் சொன்னாள்.  அஞ்சம்மாள் குழந்தையை வாங்கி, புருஷனைத் தாண்டி நடந்து, அத்தாவுல்லாவின் கையில் வைத்தாள். அவர் கண்களை மூடி ஏதோ ஓதி, அதன் நெற்றியில் மெல்ல ஊதினார்.

ஆஸ்பத்திரி வாசலில் சக்திவேல் கேட்டான்.

"எப்டி கண்டுபுடிச்சீங்க பாய்?"

"வண்டிய நான் நம்பறதில்ல தம்பி. அட்டையத்தான் நம்புவேன். வந்து பாத்தா அட்டையைக் காணோம். அட்டை இல்லாம எந்த ஆயில் ஒழுகுதுன்னு எப்டித் தெரியும்? குனிஞ்சேன். நட்டு தெரிஞ்சுது, பக்கத்துலயே ஸ்பேனரும். முடுக்கி, ஆயில் ஊத்தி, பிரேக் பைப்புல பூந்த காத்த எடுத்துட்டு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கெளம்பினேன்."

"ஸ்டேஷனுக்கா?"

"ஆமா. உன் வூட்டு வாசல்ல உன் சம்சாரம் கைய நீட்டுச்சு. நிக்காம எப்டிப் போறது?"

சக்திவேல் கையெடுத்துக் கும்பிட்டான்.  இந்த முறை குரல் தானாகவே உடைந்தது.

"மன்னிச்சுடுங்க பாய்..."

"என் ஒருத்தன் உசிருன்னா இங்கயே வுட்டுடுவேன். ஆனா தெனம் அதுல பன்னெண்டு கம்பெனி புள்ளைங்க ஏறுது. அவங்களுக்காக நான் மன்னிக்க முடியுமா, சொல்லு?"

சக்திவேல் கண்களைத் துடைத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்தான்.

"போலாம் பாய். நானே சொல்லிடறேன்."

"சொல்லு. ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

வேனில் ஏறிச் சாவியைத் திருகினார்.

டிக்...

மறுபடியும் டிக்...

ஆஸ்பத்திரி வாசல் தட்டையான தரை. சரிவு கிடையாது!

அத்தாவுல்லா ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"எறங்கித் தள்ளு தம்பி. பயப்படாம தள்ளு... பிரேக் நல்லாவே புடிக்குது!"