மேக்குக்குள் காணாமல் போன விண்டோஸ்

விஜயதசமி. காலை 9.10. ரமீஜாவின் எம்பிராய்டரி கடையில் கணினி இருந்தது. அதற்குள் இருந்த விண்டோஸைத்தான் காணவில்லை.

பாரிஸில் இருக்கும் அண்ணன் அனுப்பிய மேக் அது. டிசைன் போடும் மென்பொருளோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் டிசைனர் செம்மல் மேக்குக்குள்ளேயே விண்டோஸைக் குடிவைத்திருந்தான். மொத்தமும் ஒரே பெரிய கோப்பு. மாலைக்குள் வாடிக்கையாளர் நூரீனின் கல்யாண உடுப்பில் எம்பிராய்டரி முடிந்தாக வேண்டும்.

ரமீஜாவின் தம்பி ஜலால் வந்தார். போக்குவரத்து ஏட்டு. ஹெல்மெட் போடாதவர்களைத் தவிர வேறு குற்றவாளியைப் பிடித்ததில்லை. ஆசை மட்டும் நிறைய.

ரமீஜாவின் சந்தேகம் செம்மல்மேல். தவளக்குப்பத்துப் போட்டிக் கடை அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அவனும் மறுக்கவில்லை.

“கடைசியா எப்ப தொட்ட?” என்று செம்மலைக் கேட்டார் ஜலால்.

“முந்தாநேத்து சார். இடமில்லன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. மூடிட்டுப் போயிட்டேன்.”

“நேத்து?”

“ஆயுத பூஜை. யாரும் வேலை செய்யல.”

ஜலால் குனிந்து பார்த்தார். திரையின் விளிம்பில் சந்தனம், குங்குமம். விசைகளின் இடுக்கில்கூடத் தூசி இல்லை. திரைக்குள் குப்பைக்கூடை காலி.

“அக்கா, இந்தக் கூடைய நீ காலி பண்ணுவியா?”

வாங்கிய நாளிலிருந்து தொட்டதில்லை என்றாள் ரமீஜா.

ஜலால் நிமிர்ந்தார். திருடன் பொருளோடு ஓடுவான், குப்பை கொட்டிவிட்டுப் போக மாட்டான் என்றார். எந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த நிர்மலாதேவி பக்கம் திரும்பினார். தையல் எந்திரமும் அவள் பொறுப்பு, கடைப் பூஜையும் அவள் பொறுப்பு.

“கம்ப்யூட்டரை உள்ளயும் சுத்தம் பண்ணியாம்மா?”

“பண்ணாம? பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரைத்தான் காயலான் கடைக்குப் போட்டாச்சே, அதோட மிச்சம் இங்க எதுக்குன்னு கூடையில போட்டேன். கூடையும் ரொம்பிக் கெடந்துச்சு, கொட்டிட்டேன். குப்பைய வச்சிக்கிட்டு எப்படிண்ணா கற்பூரம் காட்டுறது?”

ரமீஜா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். டிசைனும் அதோடு போயிருக்குமே.

போகவில்லை என்றான் செம்மல். விண்டோஸ் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அதனால் டிசைனை எப்போதும் மேக் பக்கமே சேமிப்பான். புதிதாக ஒரு விண்டோஸ் ஏற்றினால் திறந்துவிடலாம். இப்போது இடமும் தாராளம்.

மதியத்துக்குள் ஏற்றிவிட்டான். ரமீஜா அவனுக்கு மட்டும் பிரியாணி வரவழைத்தாள். மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை. தவளக்குப்பம் போகவில்லை என்று அவனும் சொல்லவில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டான்.

எந்திரம் முதல் பூவைத் தைக்கத் தொடங்கியதும் நிர்மலாதேவி எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். புது விண்டோஸாச்சே, சுத்திப் போடணும் என்றாள்.

“போடு. ஆனா இது தைச்சு முடிக்கிற வரைக்கும் எதையும் பெருக்காத” என்றாள் ரமீஜா.