கால் சுற்றுத் திருகாணி

சனிக்கோளின் நிலவான டைட்டன் குடியேற்றத்தில் காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும், வீட்டுக்கு ஒருவர் சங்கிலி ரம்பத்தோடு வாசலுக்கு வந்துவிட வேண்டும். அது சட்டம். ஊரையே மூடிய பெருங்கூரைக்குள் வளர்க்கப்படும் தாவுமரம் ஒரே இரவில் முழ நீளம் கிளை விடும். அறுக்காமல் விட்டால் விளக்குக் குழாய்களை மூடிவிடும். ரம்பம் பெட்ரோலில்தான் ஓட வேண்டும் என்பதும் சட்டமே. கூரைக்கு வெளியே எரிபொருள் ஏரி ஏரியாகக் கிடக்கிறது. மரங்களுக்குப் புகை வேண்டும். மனிதர்களுக்கு மரங்கள் விடும் மூச்சு வேண்டும். புகை விடாத வீட்டுக்கு அபராதம் உண்டு. பூமியிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டாம் வாரம் அவர்களும் ரம்பத்தின் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ரம்பங்களைப் பழுது பார்க்க இருபது ஆண்டுகளாக ஒரே கடைதான் இருந்தது. ஞானதிரவியத்தின் கடை. ஒன்பது மாதங்களுக்கு முன் குடியேற்ற அலுவலகம் எதிர்ச்சாரியில் நுண்கையனைக் கொண்டுவந்து வைத்தது. ஆறு கை இயந்திரம். ஞானதிரவியத்தின் பட்டறையில் இருந்த பதிவுக்கண் இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த காட்சிகளைப் பார்த்தே அது தொழில் கற்றதாம். அவர் வயிறு எரிய அது ஒன்றே போதும். போதாததற்கு எதிர்க்கடை வாசலில் தினமும் வரிசை நின்றது. இவர் கடையில் ஈ இல்லை. டைட்டனில் ஈயே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆண்டு முடிவில் வருகை குறைந்த கடையை அலுவலகம் மூடிவிடும். ஆண்டு முடிய இன்னும் ஐந்தே நாள்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. நுண்கையன் வந்த நாளிலிருந்து பொறாமையே அவருக்கு முதலாளி ஆகிவிட்டது. கைக்கு வந்த ஒவ்வொரு ரம்பத்தையும் அக்கக்காகப் பிரித்தார். பழைய பெட்ரோலை வடித்தார். காற்று வடிகட்டியைக் கழுவினார். சங்கிலியின் பல் ஒவ்வொன்றையும் அரம் போட்டார். ஒரே இழுப்பில் உறுமாத ரம்பத்தை வெளியே விடவில்லை.

அன்று செல்லத்தாய் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் கடையைத் தாண்டிப் போனாள்.

"ஏ செல்லத்தாயி, போன மாசம்தானே அங்க காட்டின?"

"ஆமா அண்ணாச்சி. ராசியான கை. மாசா மாசம் காட்டிருவேன்."

"ஒன் தங்கச்சி மெஷினு என்னாச்சு? நான் பாத்தது."

"அதுவா? எட்டு மாசமா நிக்காம ஓடுது. அவ அதிர்ஷ்டக்காரி."

"அப்ப இங்க குடுக்கலாம்லா?"

"கோவிச்சுக்கிடாதீரும். ஆளில்லாத கடையில குடுக்க மனசு வரல்ல. இத்தன பேரு அங்க நிக்காவன்னா சும்மாவா?"

அவளுக்கு இடம் விட்டு வரிசை நகர்ந்தது. ஞானதிரவியத்துக்குத் தாங்கவில்லை. அப்படி என்னதான் செய்கிறது அந்தச் சனியன்? நண்பகலில் நுண்கையன் தன் கைகளை எண்ணெயில் ஊறவைக்கும் அரைமணி நேரத்தில், திருப்புளியோடு எதிர்க்கடைக்குள் நுழைந்தார். பழுது பார்த்து முடித்து வைத்திருந்த ரம்பம் ஒன்றைத் திறந்தார். வேலை சுத்தம். ஆனால் கார்புரேட்டரின் பெட்ரோல் திருகாணி, இருக்க வேண்டிய இடத்துக்குக் கால் சுற்று அதிகமாகத் திறந்திருந்தது. இன்னொன்றைத் திறந்தார். அதிலும் கால் சுற்று. மூன்றாவதிலும்.

"வாருங்கள், ஆசானே" என்றது பின்னாலிருந்து நுண்கையன். "சரியாக வந்திருக்கிறதா?"

"என்னவே இது? இப்படி விட்டா பிளக்குல கரி புடிச்சு இருவத்தஞ்சு நாளுல நின்னுபோவுமே!"

"இருபத்தாறு நாள். பதிவில் இருந்த ஒவ்வொரு ரம்பத்திலும் கடைசியாக நீங்கள் செய்தது இதுதான். காரணம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஆசான் காரணமில்லாமல் செய்வாரா?"

வாடிக்கையாளர் மறக்காமல் திரும்பி வர ஞானதிரவியமே கண்டுபிடித்திருந்த கால் சுற்று அது. நுண்கையன் வந்த பிறகு, அந்த இயந்திரத்தை மிஞ்சிக் காட்ட வேண்டும் என்ற வெறியில் கால் சுற்றை விட்டுவிட்டார். அன்று முதல் அவர் தொட்ட ரம்பம் எதுவும் நிற்கவில்லை; கொண்டுவந்தவர் எவரும் திரும்பவில்லை.

வெளியே பாய்ந்து வரிசையைப் பார்த்துக் கத்தினார். "கேளுங்க! இது வேணும்னே திருகாணிய கூடுதலா தெறந்து விடுது! அதான் மாசா மாசம் நிக்குது!"

"அண்ணாச்சிக்கு வயித்தெரிச்சல்" என்றது ஒரு குரல். வரிசை சிரித்தது.

செல்லத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. "மாசா மாசம் நிக்கும்னு ஒமக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

சொல்லிவிட்டால் நுண்கையனின் கடை மூடும். அவருடையதும்தான். கடைக்குத் திரும்பினார். இனியாவது கால் சுற்றைத் திருப்பி விடலாமென்றால், திருப்ப ஒரு ரம்பம் இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் புறப்பட்டார். தெருமுனையில் எதிரெதிரே இரண்டு இட்லிக் கடைகள். ஒன்றின் வாசலில் நீண்ட வரிசை. மற்றதில் ஆளே இல்லை. ஆவி பறக்கும் தட்டை ஏந்தியபடி கடைக்காரர், "அண்ணாச்சி, வாங்க, இப்பதான் எறக்கினேன்" என்று கூப்பிட்டார்.

ஞானதிரவியம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆளில்லாத கடையில் இட்லி எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? நேரே போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.