பாத்தியோரம் புதைத்த கால்

மதியம் ஒரு மணிக்கு யாரோ தன் வலது பாதத்தைக் கழுவிவிடுவதைத் தனகோடி உணர்ந்தாள். அவளுக்கு வலது பாதம் கிடையாது. எலும்பில் புற்று என்று சென்னை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்து எட்டு மாதமாகிறது. உயிர் மிஞ்சினால் போதும் என்றுதான் காலைக் கொடுத்தாள்.

இல்லாத கால் வலிக்கும், அரிக்கும், போகப் போக அடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது வலியில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், அதோடு விரலிடுக்கில் நுழைந்து தேய்க்கும் ஒரு கட்டைவிரல், உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன அதன் சொரசொரப்பு. அது அவள் கணவன் பாலகுருவின் கை. வீட்டில் அவன் அவள் பக்கம் திரும்பிக்கூடப் படுப்பதில்லை.

வெட்டிய காலை ஆஸ்பத்திரியில் அவனிடம்தான் கொடுத்தார்கள்.

"உயிரோட இருக்கிறவ காலை சுடுகாட்டுல வெக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நம்ம உப்புப் பாத்தியோரமா பொதைச்சிட்டேன்" என்றான்.

உப்பில் எதுவும் அழுகாது என்பது உப்பளத்துக்காரனுக்குத் தெரியாதா என்ன?

தினமும் அதே நேரத்துக்கு வந்த அந்தக் கை நாளாக நாளாக மேலே ஏறியது. முழங்கால், தொடை. போன வாரம், நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்று டாக்டர் கைவிரித்த அன்று, இடுப்பு. கை பட்ட இடத்தில் அவளுடைய சொந்தத் தோல் மரத்துப்போனது. பயத்தைவிடப் பொறாமைதான் அவளைத் தின்றது. பாவி, யாரைத் தொடுகிறான்?

இன்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பினாள். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெயில், வற்றிய கடல்நீரின் கசப்பு வாடை, காற்றே இல்லாத வரப்பு. எங்கோ தண்ணீர் ஊற்றும் சத்தம்.

கை மார்புக்கு வந்தது.

தோளுக்கு.

கழுத்துக்கு.

உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒரு குழி. பாலகுரு முட்டிபோட்டுச் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். குழிக்குள் அவள் கால். அதற்கு மேலே தொடை. இடுப்பு. இன்னொரு கால். வயிறு, ஏறி இறங்கியபடி. மார்பு. கைகள். எல்லாம் வெள்ளையாக, ஈரமாக. கழுத்தோடு நின்றிருந்தது.

அவன் திடுக்கிடவில்லை. எட்டு மாதம் கழித்து அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"நீயே வந்துட்டியா தனம்? நல்லதாப் போச்சு. தலைதான் பாக்கி."

ஊன்றுகோல் நழுவியது. குழியில் கிடந்த உடம்பு மெல்ல எழுந்து உட்கார்ந்து, அவள் முகம் எங்கே என்று தேடி, இரண்டு கைகளையும் நீட்டியது.